லிஸ்ட்ல இல்லாத லீவு

வாங்க கண்ணு, செருப்ப அங்கயே உடுங்க. மெதுவாப் பேசுங்க, உள்ள பசங்க தூங்கறாங்க. இப்பிடி இந்தச் சேர்ல உக்காருங்க. ஃபேனப் போடட்டுங்களா? குழந்தைக்கு ஆகாதா? சரி, வேண்டாம். எத்தன மாசம்? பதினொண்ணா. நடக்குதா? புடிச்சுப் புடிச்சு நடக்குமா, போதும், மிச்சத்த இங்க வந்து கத்துக்கும்.

பீஸ் கேக்கத்தான வந்தீங்க. சொல்றேன். அதுக்கு முன்னால அந்த ஃபிரிட்ஜ் மேல ஒரு பேப்பர் ஒட்டியிருக்குது பாருங்க, லேமினேசன் பண்ணது. அதுதான் எங்க லீவு லிஸ்ட். புதுசா வர்றவங்களுக்கெல்லாம் மொதல்ல அதத்தான் காட்டறது. வருசத்துக்குப் பதினேழு நாளு. அந்தப் பதினேழு நாளும் பூட்டியிருப்போம், ஆனா பீஸ்ல ஒரு ரூவா கொறைக்க மாட்டோம். லிஸ்ட்ல இல்லாம ஒரு நாளு நான் பூட்டுனா, அன்னிக்கு உண்டானத நீங்க கழிச்சுக்கலாம். அவ்வளவுதான் சட்டம். பாக்கறதுக்குச் சாதாரணமா இருக்குதுங்களா? அந்த ஒரு பேப்பருக்கு நான் போன வருசம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவசரம் ஒண்ணும் இல்லீங்களே? ரெண்டு மணிக்கு ஆபீஸ் போனாப் போதுமா. அப்ப நெறைய நேரம் இருக்குது. சொல்றேன் கேளுங்க.

இது ஆரம்பிச்சு ஒம்பது வருசமாச்சு. எங்கூட்டுக்காரரு வேல பாத்த மில்லு மூடிட்டாங்க. மாடியில கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போற ஒரு புருசன் பொண்டாட்டி குடியிருந்தாங்க. அந்தப் புள்ள ஒரு நாளு குழந்தையத் தூக்கிட்டு வந்து, "ஆன்ட்டி, சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கறீங்களா"ன்னு அழுகாத கொறையாக் கேட்டுச்சு. அப்பிடி ஒண்ணு ரெண்டாகி, இப்ப பதினொரு பசங்க. போர்டு ஒண்ணும் வைக்கல. பசங்க பெரிம்மா வீடுன்னு சொல்லிச் சொல்லி அதுவே பேராயிருச்சு. இந்தச் சரவணம்பட்டியில ஆட்டோக்காரங்ககிட்ட பெரிம்மா வீடுன்னு சொன்னீங்கன்னா வாசல்ல கொண்டாந்து உட்டுருவாங்க. அஞ்சாறு பசங்க ஆனப்பறம் தனியா முடியல. அப்பத்தான் துளசிமணி வந்தா. அவ இப்ப உள்ள பசங்க பக்கத்துல உக்காந்திருக்கறா. கோயில்பாளையத்துல இருந்து தினம் பஸ்ல வருவா. நாப்பது வயசு இருக்கும். அதிர்ந்து பேச மாட்டா. எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி. அப்பிடித்தான் நான் அவள வெச்சிருக்கறது.

எனக்கு எல்லாமே கறாருதான் கண்ணு. பால் பாட்டில் எப்பக் கழுவோணும், காய்ச்சல் அடிச்சா எத்தன நாளு கொண்டார வேண்டாம், எல்லாத்துக்கும் ஒரு சட்டம். லீவு விசயத்துல மட்டும் நான் நெம்ப வருசம் ஏமாந்துட்டேன். ஆரம்பத்துல எனக்கு வெவரம் பத்தல. பூட்டுன நாளைக்குக் கழிச்சுட்டுக் குடுப்பாங்க, நானும் வாங்கிக்குவேன். அப்பிடியே பழக்கமாயிருச்சு.

இத்தனைக்கும் நான் லீவே போடறதில்ல. பொங்கலுக்கு நாலு நாளு, தீபாவளிக்கு மூணு நாளு, ஆயுத பூசைக்கு ரெண்டு. அது எல்லாருக்கும் உள்ளதுதான. எங்கூரு மாரியம்மன் நோம்பிக்கு ரெண்டு நாளு. அப்பறம் கல்யாணம் காச்சின்னா போகாம இருக்க முடியுங்களா? எங்க பக்கம் சொந்தம் பெருசு. ஆவணியில மூணு வந்தா தையில அஞ்சு வரும். நடுவுல சீரு, காது குத்து. ஒரு வீட்டுக்குப் போயிட்டு இன்னொரு வீட்டுக்குப் போகலைன்னா பேச்சு வந்துரும். அதத் தவிர்த்து ஒரு நாளுகூட நான் லீவு போட்டவ இல்ல.

போன ஆவணியில எங்க கொழுந்தனாரு மகளுக்கு அன்னூர்ல கல்யாணம். ரெண்டு நாளு பூட்டுனேன். முறையா முந்தின நாளு சாயங்காலமே வாட்ஸப் குரூப்புல போட்டுட்டேன். கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. ஒண்ணாந்தேதி பீஸ் வருது, எல்லாரும் ரெண்டு நாளக் கழிச்சுட்டாங்க. அதோட போச்சுன்னா பரவால்ல. நிலானின்னு ஒரு புள்ள வருது, நாலு வயசு, படுசுட்டி. அவங்கப்பா ஹரிபிரசாத்து. கம்பெனியில அவருக்குக் கணக்குப் போடறதுதான் வேலையாட்ட இருக்குது. குரூப்புல ஒரு தாள் அனுப்பறாரு. சனவரியில இருந்து நான் பூட்டுன நாளெல்லாம் கட்டம் கட்டமா. பண்டிகைக்குப் பச்ச, கல்யாணத்துக்குச் செவப்பு. முப்பத்தியொரு நாளுன்னு கீழ கூட்டி வேற போட்டிருந்தாரு. எங்கூட்டுக்காரரு கண்ணாடியப் போட்டுட்டு ஒவ்வொண்ணா வாசிக்கறாரு. "இது மாசிலாமணி மகன் கல்யாணம், இது நம்ம பெரியம்பாளையத்துச் சீரு, எல்லாஞ் சரியாத்தான் போட்டிருக்கறான்"ங்கறாரு. அவர என்ன பண்றது சொல்லுங்க.

எனக்குன்னா வயிறெரிச்சல். வாடக நிக்குதா, கரண்டு நிக்குதா? மாவாட்டறப்ப யோசிச்சேன், துணி மடிக்கறப்ப யோசிச்சேன். ஒரு கேள்வி எனக்குத் தோணுச்சு. தோணுனதும் எனக்கே நெம்ப சந்தோசமாயிருச்சு. அத ரெண்டு நாளு வாயிலயே வெச்சிருந்து, ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லிட்டேன்.

இந்த ஹால்லதான். எல்லாரும் ஒட்டுக்கா வந்துட்டாங்க. துளசிய டீ போடறதுக்கு வரச் சொல்லியிருந்தேன். அவ சமையல்கட்டு வாசப்படியில டிரேயப் புடிச்சுட்டு நிக்கறா. நான் எந்திரிச்சு நின்னு கேட்டேன். "உங்க கம்பெனியில தீபாவளிக்கு லீவு உடறாங்க. அன்னிக்குச் சம்பளத்தப் புடிச்சுக்கறாங்களா? புடிக்கறதில்ல. அப்பறம் எனக்கு மட்டும் ஏன் புடிக்கறீங்க? வேலைக்கு லீவு உட்டா வயித்துக்கும் லீவு உட்டுர முடியுமா?"

கண்ணு, நிலானி அப்பா போனையே பாத்துட்டிருந்தாரு. நான் அப்பிடியொரு பேச்சு என் வாழ்க்கையில பேசுனதில்ல.

அப்பறம் பவதாரணி எந்திரிச்சுச்சு. ஆதிரன்னு ஒண்ணேகால் வயசுப் பையன், அவங்கம்மா. பேங்க்ல வேல. நல்ல பொண்ணு, ஆனா மனசுல வெச்சுக்காது. "ஆன்ட்டி, நீங்க கேக்கறது நூத்துக்கு நூறு நியாயம். பண்டிகைக்குப் புடிக்கக் கூடாதுதான். ஆனா நான் ஒண்ணு சொல்லட்டுமா? இந்த வருசம் என்னோட லீவு பூராம் உங்க சொந்தக்காரங்க கல்யாணத்துக்குத்தான் போயிருக்குது. அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. முந்தின நாளு சாயங்காலம் சொன்னா நான் மேனேஜர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்? போன மாசம் எனக்கே காய்ச்சல், போடறதுக்கு ஒரு நாளு லீவு இல்ல."

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சேன். ஆனா உள்ளுக்குள்ள கொஞ்சம் பொக்குன்னு போச்சு. அதுக்குக் காய்ச்சல்னு எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தா அந்த மாசம் வந்த காது குத்துக்கு நான் போகாமக்கூட இருந்திருப்பேன்.

சரி, பேசி முடிவாச்சு. வருச ஆரம்பத்துல பதினஞ்சு நாளுக்கு லிஸ்ட் குடுத்தரோணும். லிஸ்ட்ல இருக்கற நாளுக்குப் பீஸ் புடிக்கக் கூடாது. லிஸ்ட்ல இல்லாம பூட்டுனா புடிச்சுக்கலாம். நிலானி அப்பாதான் டைப் அடிச்சுக் குடுத்தாரு. அந்த மாசமே அமுலுக்கு வந்துச்சு. எல்லாரும் போனப்பறம் துளசி டம்ளர் எடுக்கறப்ப, "நெம்ப நல்லாப் பேசுனீங்க அக்கா"ன்னா. எனக்கு அந்த வாரம் பூராம் கால் தரையில படல.

தீபாவளிக்கு மூணு நாளு பூட்டுனோம். ஒருத்தரும் ஒரு ரூவா கொறைக்காமப் போட்டுட்டாங்க. ஒண்ணாந்தேதி துளசிக்குச் சம்பளம் குடுத்தேன். எப்பவும் போல வராத நாளு போக மிச்சத்த எண்ணிக் குடுத்தேன். அவ வாங்கிட்டா. முந்தானையில முடிஞ்சுட்டா.

ஒரு வாரம் கழிச்சு, மத்தியானம், இப்ப மாதிரியே பசங்க தூங்கிட்டிருக்கறாங்க. நாங்க ரெண்டு பேரும் கீரை ஆஞ்சுட்டிருக்கறோம். துளசி கேக்கறா, "அக்கா, அன்னிக்கு மீட்டிங்ல ஒரு கேள்வி கேட்டீங்களே. அத மறுக்கா ஒருக்கா சொல்றீங்களா?"

எனக்கு ஒரே பெருமை. இவளுக்கு அவ்வளவு புடிச்சுப்போச்சான்னுட்டு, கீரையக் கீழ வெச்சுட்டு, அன்னிக்கு மாதிரியே எந்திரிச்சு நின்னு, ஆரம்பத்துல இருந்து சொன்னேன். கம்பெனி, தீபாவளி, சம்பளம், வயிறு, எல்லாம். அவ தலையாட்டிக் கேட்டா. முடிச்சதும், "அதேதானுங்க அக்கா"ன்னா.

"என்னது அதேதான்?"

"நானும் அதேதான் கேக்கோணும்னு இருந்தேன். எனக்கு அந்த மாதிரி கோர்வையா வரல. அதான் உங்களையே சொல்லச் சொன்னேன்."

எப்பிடி இருக்குது பாருங்க. என் கேள்வியவே என் வாயால சொல்ல வெச்சு எங்கிட்டயே திருப்பறா. எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. "அது வேற, இது வேற துளசி. அவங்க வெளி ஆளுங்க. நீ எங்கூட்டுப் பொண்ணு மாதிரி. ஊட்டுப் பொண்ணு யாராவது நாள் கணக்குப் பாப்பாளா? தீபாவளிக்குச் சேலை எடுத்துக் குடுத்தனா இல்லையா?"ன்னேன்.

"குடுத்தீங்க அக்கா. நல்ல சேலை"ன்னா. அப்பறம், "சரிங்க அக்கா"ன்னுட்டுக் கீரைய ஆய ஆரம்பிச்சுட்டா. முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்.

அடுத்த நாளு எட்டு மணியாச்சு, ஆளக் காணோம். எட்டரைக்குப் போன் பண்றேன். உடனே எடுத்தா.

"என்ன துளசி, பஸ்சு வரலியா?"

"இல்லீங்க அக்கா, இன்னிக்கு லீவு."

"என்னாச்சு, ஒடம்பு செரியில்லியா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. சும்மா லீவு."

"யாரக் கேட்டுப் போட்ட?"

"கூலியில்லாத லீவுதானுங்களே அக்கா. அதுக்குக் கேக்கோணுங்களா?"

போன வெச்சுட்டா. மரியாதையாத்தான் வெச்சா.

பதினொரு பசங்க கண்ணு. நானும் எங்கூட்டுக்காரரும். அவரு மில்லுல இருநூறு பேத்த மேச்ச மனுசன், டையப்பருல எது முன்பக்கம் எது பின்பக்கம்னு நிலானி சொல்லிக் குடுக்குது. ஆதிரன் தூங்கவே மாட்டேங்கறான். தோள்ல போட்டுத் தட்டறேன், தொட்டில்ல போட்டு ஆட்டறேன், கைய நீட்டி நீட்டி என் காதத் தடவிப் பாக்கறான், அப்பறம் வீல்லுன்னு அழுகறான். துளசியோட காது மடலத் தடவிக்கிட்டேதான் தூங்குவானாம். அதும் நிலானி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் தோட்டைக் கழட்டி வெச்சுட்டுக் காதக் குடுத்தேன். அந்தக் காது அவனுக்கு ஆகல.

நிலானிக்குச் சோறு ஊட்டறது அதுக்கு மேல. துளசி ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பஸ் ஸ்டாப் பேரு சொல்லுவா. கோயில்பாளையத்துல ஏறுனா காந்திபுரம் போறதுக்குள்ள கிண்ணம் காலி. நான் அத தினம் காதுல கேட்டிருக்கறேன், அதனால நானும் ஆரம்பிச்சேன். கோயில்பாளையம், குரும்பபாளையம், சரவணம்பட்டி. அது வரைக்கும் வாயத் தொறந்துச்சு. கணபதின்னேன், அப்பறம் சிவானந்தாபுரம்னேன். "பஸ்சு பின்னால போகுது"ன்னு சொல்லி வாய மூடிட்டுது. அப்பறம் தொறக்கவே இல்ல. நான் எங்க போனாலும் எங்கூட்டுக்காரரு வண்டியில போறவ, எனக்கெப்பிடிங்க தெரியும் எதுக்கப்பறம் எதுன்னு.

சாயங்காலம் என்னால எந்திரிக்க முடியல. அடுத்த நாளும் அவ வரலைன்னா என்ன பண்றதுன்னு ஒரே வெசனம். காலையில ஆறு மணிக்கே போன் போட்டேன். "இன்னிக்கும் லீவுங்க அக்கா"ன்னா. வேற வழியில்ல, குரூப்புல போட்டேன், இன்னிக்கு பெரிம்மா வீடு லீவுன்னு. ரெண்டே நிமிசம். நிலானி அப்பா கேக்கறாரு, "இது லிஸ்ட்ல இல்லியே ஆன்ட்டி?" அதுக்குக் கீழ ஒரு சிரிச்ச மூஞ்சி வேற. பவதாரணி ஒண்ணும் எழுதல. லீவு இல்லாத புள்ள, பையன எங்க கொண்டு போயி உட்டுச்சோ.

எங்கூட்டுக்காரருகிட்ட, "வண்டிய எடுங்க, கோயில்பாளையம் போலாம்"னேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கோவத்துலதான் கெளம்புனேன். போற வழியெல்லாம் என்ன பேசோணும்னு எடுத்து வெச்சுக்கிட்டே போனேன். அஞ்சு வருசம் சோறு போட்டனே, சேலை எடுத்துக் குடுத்தனே, அவ மக பெரிய மனுசியானப்ப முன்ன நின்னனேன்னு.

வரிசை வீட்டுல மூணாவது வீடு. கதவு தொறந்துதான் இருந்துச்சு. துளசி கட்டில் மேல காலை நீட்டி உக்காந்து டி.வி. பாத்துட்டிருக்கறா. அவ மக காலேஜ் போகாம அவளுக்குத் தோசை ஊத்திக் குடுத்துட்டிருக்குது. என்னையப் பாத்ததும் படக்குன்னு எந்திரிச்சா. "வாங்க அக்கா, வாங்க அண்ணா"ன்னு சேரெடுத்துப் போட்டா. அவ மூஞ்சியில கோவம் ஒண்ணும் இல்ல. அதான் எனக்கு ஆகல. கோவமா இருந்தா நானும் ஆரம்பிச்சிருப்பேன்.

"ஏன் துளசி இப்பிடிப் பண்ணிட்ட? பசங்க தவிச்சுப் போச்சு"ன்னேன்.

"ஆதிரன் தூங்குனானுங்களா?"

"எங்க தூங்குனான்."

டி.வி.ய அமத்திட்டுச் சொன்னா. "அக்கா, ஆவணியில அன்னூர் கல்யாணத்துக்கு ரெண்டு நாளு பூட்டுனீங்களே."

"ஆமா."

"ரெண்டு நாளுக் கூலி போகுதேன்னு நான் மண்டபத்து வேலைக்குப் போனேன். எப்பவும் போறதுதான், நீங்க லீவு உட்டா நான் அங்க போயிருவேன். இலை எடுக்கறது, பாத்தரம் கழுவறது. எங்க லைன்ல ஒரு அக்கா வேன்ல ஆள் கூட்டிட்டுப் போவாங்க. எந்தூரு, யாரு கல்யாணம்னெல்லாம் கேக்கறதில்ல. எறங்குனப்பறம்தான் அன்னூருன்னு தெரிஞ்சுது."

"எங்க கல்யாணத்துக்கா?"ன்னேன்.

"நீங்க ரெண்டாவது பந்தியில உக்காந்தீங்க. பச்சைப் பட்டு. சாப்பிட்டுட்டுப் பக்கத்துல யாரோடயோ பேசிக்கிட்டே எந்திரிச்சுப் போனீங்க. உங்க இலைய நாந்தான் எடுத்தேன். ஜாங்கிரிய மட்டும் அப்பிடியே வெச்சிருந்தீங்க."

கண்ணு, எனக்குச் சுகரு. அதான் வெச்சது. அவகிட்டயும் அதத்தான் சொன்னேன். "சுகருனால வெச்சேன் துளசி"ன்னேன். "தெரியுமுங்க அக்கா"ன்னா.

"என்னையக் கூப்பிட்டிருக்கலாமே."

"சுத்தி உங்க சொந்தக்காரங்க இருந்தாங்க. கூப்பிட்டா உங்களுக்குச் சங்கட்டம்."

எனக்கென்ன சங்கட்டம். கூப்பிட்டிருந்தா பக்கத்துல உக்கார வெச்சுச் சாப்பிடச் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கறேன். அன்னிக்கு எங் கொழுந்தனாரு சம்சாரம் வேற பக்கத்துல இருந்தா, அவ ஒரு மாதிரி. என்னமோ, நான் பாக்கல. பாக்கவே இல்ல கண்ணு. இலை எடுக்கறவங்களயெல்லாம் யாரு நிமிந்து பாக்கறாங்க.

எங்கூட்டுக்காரருக்குத் தோசை வெச்சாங்க, அதத் தின்னுட்டிருந்தாரு. கை கழுவறதுக்கு எந்திரிச்சவரு தட்டையும் எடுத்துட்டுப் போயி அவரே கழுவி வெச்சாரு. அந்தப் புள்ள, "வெய்ங்க மாமா"ன்னு ஓடுது, அவரு குடுக்க மாட்டேங்கறாரு. முப்பது வருசத்துல அவரு ஒரு தட்டக் கழுவி நான் பாத்ததில்ல.

அப்பறம் நானாத்தான் முடிவு பண்ணேன். யாரும் சொல்லிக் குடுக்கல, எனக்கே தோணுச்சு. "துளசி, இனிமேல் லிஸ்ட்ல இருக்கற நாளுக்கு உனக்கும் புடிக்க மாட்டேன். தீபாவளிக்குப் புடிச்சதும் நாளைக்குத் தந்தர்றேன். காலையில வந்துரு"ன்னேன். பழைய அஞ்சு வருசத்தப் பத்தி அவ கேக்கல. நானும் எடுக்கல.

தலையாட்டுவான்னு பாத்தா, உக்காந்துட்டே இருக்கறா. "பேப்பர்ல எழுதுங்க அக்கா"ங்கறா.

"ஏன், நான் சொன்னாப் பத்தாதா? நான் மறக்கற ஆளா?"

"நீங்க மறக்க மாட்டீங்க. கல்யாணம் வந்துச்சுன்னா மறந்துருவீங்க."

அவ மக நோட்டுல ஒரு தாளக் கிழிச்சு எழுதுச்சு. நல்ல கையெழுத்து. லிஸ்ட்ல இருக்கற லீவுக்குத் துளசிமணிக்கும் சம்பளம் உண்டு. லிஸ்ட்ல இல்லாம பெரிம்மா பூட்டுனாலும் துளசிமணிக்குச் சம்பளம் உண்டு. ரெண்டாவது வரிய நான் சொல்லவே இல்ல, அந்தப் புள்ளையாச் சேத்துருச்சு. கேட்டா, "அது அம்மா தப்பில்லையே பெரிம்மா"ங்குது. அப்பறம் அவங்கூரு மாரியம்மன் நோம்பி ரெண்டு நாளச் சேக்கோணும்னா துளசி. எங்கூரு நோம்பி ஒரு வாரம், அவங்கூரு நோம்பி அடுத்த வாரம். பதினஞ்சு நாளு பதினேழு ஆனது அப்பிடித்தான். நான் கையெழுத்துப் போட்டேன். எங்கூட்டுக்காரரு சாட்சிக் கையெழுத்துப் போட்டாரு, யாரும் கேக்காமயே.

அடுத்த நாளு காலையில அவ உள்ள வர்றா, ஆதிரன் தத்தித் தத்தி நடந்து போயி அவ காலக் கட்டிக்கிட்டான். தூக்குனதும் மொதல்ல காதத்தான் புடிச்சான். பவதாரணி வாசல்ல நின்னு பாத்துட்டு ஆபீசுக்குப் போயிருச்சு. போற போக்குல துளசி தோளத் தட்டிட்டுப் போச்சு.

பெத்தவங்ககிட்ட ரெண்டு நாளு கூடுதுன்னு எப்பிடிச் சொல்றதுன்னு பயந்துட்டே சொன்னேன். நிலானி அப்பா, "எழுதிக் குடுத்துட்டீங்கன்னா சரி ஆன்ட்டி, நாங்க அதுக்குத் தகுந்த மாதிரி லீவு போட்டுக்குவோம்"னு முடிச்சுட்டாரு. இத ஒம்பது வருசம் முன்னாலயே பண்ணியிருக்கலாம். எல்லாத்துக்கும் நானே யோசிக்க வேண்டியிருக்குது.

பொங்கல் வந்துச்சு. நாலு நாளு லீவு. நான் வழக்கம் போல சொந்தக்காரங்களுக்கு வடை சுட்டு, காப்பி போட்டு, இடுப்பு ஒடிஞ்சு போச்சு. ரெண்டாவது நாளு மத்தியானம் போன்ல ஒரு போட்டோ வருது. துளசி, அவ புருசன், அவ மக, மூணு பேரும் ஆழியாறு அணை மேல நிக்கறாங்க. வெயிலுக்குக் கண்ணச் சுருக்கிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறா. அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. நான் எடுத்துக் குடுத்த சேலைதான் கட்டியிருந்தா, அது நல்லாத்தான் இருக்குது. எங்கூட்டுக்காரருகிட்டக் காட்டுனேன். "நம்ம ஆழியாறு போயி எத்தன வருசமாச்சு?"ன்னாரு. போனதே இல்லைன்னு அப்பறம் ரெண்டு பேத்துக்கும் ஞாபகம் வந்துச்சு.

இப்ப லிஸ்ட்டு அவ பொறுப்பு. நான்தான் குடுத்தேன். என்னைய விட அவ கறாரு. உங்க குழந்தையச் சேத்தீங்கன்னா லீவு எப்ப என்னன்னு அவளையே கேட்டுக்கோங்க, வாய்ப்பாடா ஒப்பிப்பா.

இன்னிக்கு வியாழக்கெழமை பாருங்க, எங்க பெரியப்பா மகன் அவிநாசியில புது வீடு கட்டிக் குடி போறான். போன வாரம் பத்திரிகை வந்துச்சு. நான் துளசிகிட்ட, "வியாழக்கெழமை ஒரு நாளு பூட்டிரலாமா"ன்னு மெதுவாத்தான் கேட்டேன். அவ எந்திரிச்சுப் போயி ஃபிரிட்ஜ் பக்கத்துல நின்னு, விரல வெச்சு மேல இருந்து கீழ வரைக்கும் தேடறா. எழுத்துக் கூட்டித்தான் படிப்பா, அதனால எனக்கு அவ்வளவு நேரம் நிக்க வேண்டியதாப் போச்சு. "இது லிஸ்ட்ல இல்லீங்க அக்கா"ன்னா. நான் என்ன பண்றது. பூட்டுனா பதினொரு பேத்துக்குப் பீஸும் போகும், அவளுக்குச் சம்பளமும் குடுக்கோணும். அதுவும் போக, பவதாரணிக்கு இந்த மாசம் ஆடிட்டாம், லீவே எடுக்க முடியாதாம்.

எங்கூட்டுக்காரரு மட்டும் காலையில போயிட்டாரு. நீங்க வர்றதுக்குச் சித்தெ முன்னால அங்கிருந்து போன் பண்ணாரு. பின்னால ஒரே மேளச் சத்தம். "ஏன் சாந்தாமணி வரலைன்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க, நான் என்ன சொல்லட்டும்?"ங்கறாரு.

"லீவு கெடைக்கலைன்னு சொல்லுங்க"ன்னேன்.

சொல்லிட்டுப் போன வெச்சனா, அம்பத்தஞ்சு வயசுல நானும் ஒரு ஆபீசுக்குப் போற மாதிரி இருந்துச்சு கண்ணு.